ஹப்புத்தளைப் பக்கம் தோட்டத்து ரோட்டில் கிராவல் சைக்கிள்: நாலு நாளுக்கு வழி சொல்லுங்கள்

வத்தளை_சக்கரம் · 2025 ஜனவரி 11, மு.ப. 9.40

எல்லாருக்கும் வணக்கம். பெப்ரவரி கடைசியில் நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. நானும் என் மச்சானும் ஹப்புத்தளைக்குப் போய், தார் ரோட்டை முடிந்தவரை விட்டுவிட்டு, தேயிலைத் தோட்டங்களுக்குள் இருக்கும் கல் ரோடுகளிலேயே ஓட்ட நினைக்கிறோம். இரண்டு பேரிடமும் கிராவல் சைக்கிள்தான் (கல், மண் ரோட்டுக்கென்ற தடித்த டயர் சைக்கிள்). 700க்கு 40 டயர், முன்னால் 40 பல், பின்னால் 11–42. இதுவரை ஓடியதெல்லாம் நீர்கொழும்புப் பக்கத்து ஹமில்டன் கால்வாய்க் கரையும் புத்தளம் பக்கத்து மண் ரோடும்தான். மலை எங்களுக்குப் புதிது.

லிப்டன் சீட் என்கிற மலை உச்சிக் காட்சியிடத்துக்கு ஏறி மறுபக்கம் இறங்க வழி உண்டா? ஒஹியவிலிருந்து களுபஹனவுக்கு இறங்கும் டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் கிராவல் சைக்கிளுக்குச் சரிவருமா, இல்லை மவுண்டன் பைக்தான் வேண்டுமா? ரயிலில் சைக்கிள் ஏற்ற விடுவார்களா? தோட்டத்துக்குள் போக யாரிடமாவது கேட்க வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கமலை_ஓட்டம் · 2025 ஜனவரி 11, பி.ப. 8.15

தம்பி, தாராளமாக வாருங்கள். நான் பிறந்து வளர்ந்தது டம்பத்தென்னப் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்). இப்போது பண்டாரவளையில் வேலை. ஞாயிறு விடிந்தால் சைக்கிளோடு இந்த ரோடுகளில்தான் இருப்பேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று விளங்கினால் மீதி எல்லாம் லேசு. தோட்டத்துக்குள் இரண்டு வகைப் பாதை இருக்கிறது. ஒன்று வண்டி ரோடு. டம்பத்தென்ன ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, லிப்டன் கட்டியது 1890இல். ரயில் ஹப்புத்தளைக்கு வந்ததோ 1893இல். மாட்டு வண்டியில் பாரம் போன காலத்து ரோடுகள் இவை. பாரத்தோடு மாடு இழுக்க வேண்டும் என்பதால் மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத்தான் ஏறும். கிராவல் சைக்கிளுக்கு இவ்வளவு பொருத்தமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். இன்னொன்று ஆட்பாதை. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் எங்கள் சனம் நடந்து நடந்து போட்டது. அது நேரே ஏறும், இடையில் படிக்கட்டு வரும், கான் (வடிகால்) குறுக்கே ஓடும்.

மேப்பில் இரண்டும் ஒரே மாதிரிப் புள்ளிக் கோடாகத்தான் தெரியும். சம உயரக் கோடுகளைப் போட்டுப் பாருங்கள். பாதை அந்தக் கோடுகளோடு ஒட்டிப் போனால் வண்டி ரோடு. அவற்றை வெட்டிக்கொண்டு ஏறினால் சைக்கிள் உங்கள் தோளில் ஏறும். செயலி கிழிக்கும் வழியை அப்படியே நம்பி வந்து, தேயிலைச் செடிக்கு நடுவே நின்று தவித்த இரண்டு பேரை நானே கீழே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

லிப்டன் சீட்: ஹப்புத்தளை டவுன் ஏறத்தாழ 1430 மீட்டர், சீட் 1970 மீட்டர். டவுனிலிருந்து ஸ்டோர் வரை பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், தார் ரோடு, ஏறி இறங்கிப் போகும். அங்கிருந்து சீட்டுக்கு 7 கிலோமீட்டர். மொத்த ஏற்றத்தை மொத்தத் தூரத்தால் வகுத்தால் 3 சதவீதம்தான் வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஏற்றத்தில் பெரும்பங்கு அந்தக் கடைசி 7 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆறு மணிக்கே கிளம்புங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு கீழ்நாட்டிலிருந்து மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

மறுபக்கம் இறங்க வழி உண்டு. சீட்டிலிருந்து நாயபெத்தத் தோட்டம் வழியாகப் பண்டாரவளைப் பக்கம் இறங்கலாம். இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த ரோடு அதுதான். ஏறுகிறவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கம் காலை வெயில் நேராக விழுகிற சரிவு, கல் ரோடு, ஒரு கங்காணியும் கொழுந்துக் கூடைகளும் தவிர ஆளே இருக்காது.

டெவில்ஸ் ஸ்டெயார்கேஸைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அதை இரண்டு வரியில் சொல்ல மனம் வரவில்லை.

யாழ்_காற்று · 2025 ஜனவரி 11, பி.ப. 10.02

நல்ல இழை. எனக்கும் ஒரு கேள்வி. நான் யாழ்ப்பாணம், எங்கட பக்கம் மேடு என்றால் பாலம் மட்டும்தான். என்னட்ட இருக்கிறது முன்னுக்கு 50/34, பின்னுக்கு 11–28. ரயர் 35 வரைக்கும் போடலாம். இதோட அங்க வரலாமா?

தங்கமலை_ஓட்டம் · 2025 ஜனவரி 12, மு.ப. 7.30

யாழ்_காற்று, கணக்காகவே சொல்கிறேன். உங்கள் சின்ன கியரில் ஒரு மிதிக்கு ஏறத்தாழ 2.6 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 50 மிதி என்றால் மணிக்கு 8 கிலோமீட்டர். 12 சதவீத ஏற்றத்தில், உருளும் கல்லில், 8 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடிப்பது பழகியவனுக்கே கஷ்டம். வத்தளைத் தம்பியின் 40க்கு 42 கியரில் அதே மிதிக்கு மணிக்கு 6 கிலோமீட்டரை ஒட்டி வரும், அது தாங்கும். நீங்கள் பின்னால் 11–34 கசெட் மாற்றி வாருங்கள். உங்கள் டிரெயிலியர் (பின் கியர் மாற்றி) அதைத் தாங்குமா என்று கடையில் கேட்டு மாற்றுங்கள். ஏற்றம் மட்டுமென்றால் 35 டயர் போதும். ஒஹிய இறக்கத்துக்கு அது வேண்டாம்.

தங்கமலை_ஓட்டம் · 2025 ஜனவரி 12, பி.ப. 7.50

சரி, ஒஹிய.

ஹப்புத்தளையில் காலை ரயில் ஏறுங்கள். அடுத்தது இதல்கஸ்ஹின்ன, 1615 மீட்டர். அதற்கடுத்தது ஒஹிய, 1774 மீட்டர். வரிசையாகச் சுரங்கங்கள் வரும். ஏறும்போது நுவரெலியாப் பக்கத்து மேகமும் ஊவாப் பக்கத்து வெயிலும் ஒரே ஜன்னலில் மாறி மாறித் தெரியும். சைக்கிளைப் பார்சலாகக் கார்ட் பெட்டியில் (ரயில் காவலர் பெட்டியில்) போட வேண்டும். எல்லா ரயிலிலும் அந்த இடம் இருக்காது. முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு வையுங்கள். ஒஹியவில் ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், இறக்க ஒருவர் பெட்டிப் பக்கம் தயாராக நில்லுங்கள்.

ஒஹியவிலிருந்து உடவேரியத் தோட்டத்துக்குப் போகிற ரோடு காட்டோரமும் தேயிலையுமாகப் போகும். அது கிராவல் சைக்கிளுக்கென்றே போட்ட மாதிரி இருக்கும். தோட்டத்தைத் தாண்டியதும் மலை விளிம்பு திடீரென்று முடியும். கீழே களுபஹன, பெலிஹுல்ஓயாப் பக்கம் தெரியும். அங்கிருந்து கொண்டை வளைவுகள் ஒன்றின் காலடியில் ஒன்றாக இறங்கும். அதுதான் நீங்கள் கேட்ட ஸ்டெயார்கேஸ். ரோடு அரித்துப் போய்க் கல் துருத்திக்கொண்டு இருக்கும். ஜீப்புகள் ஏறி இறங்கி இரண்டு பக்கமும் குழி.

மவுண்டன் பைக்கில் போனால் உட்கார்ந்தே இறங்கலாம், கிராவல் சைக்கிளில் முடியாதென்றில்லை. 40 டயரோடு என்றால் சில வளைவுகளில் இறங்கித் தள்ளுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. 45 போட முடிந்தால் போடுங்கள். பிரேக் பேட் புதிதாக இருக்கட்டும். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் கொதித்துப் பிடி தளரும். பிடி, விடு, பிடி, விடு. ஒவ்வொரு மூன்றாவது வளைவிலும் நின்று கையை உதறுங்கள். நிற்கிற இடமெல்லாம் பார்க்க ஏதாவது இருக்கும்.

இறக்கத்தின் அடிப்பக்கம் பம்பரகந்த நீர்வீழ்ச்சி. 263 மீட்டர், இலங்கையிலேயே உயரமானது. பெப்ரவரியில் தண்ணீர் மெலிந்து நூல் மாதிரி விழும், ஆனாலும் நின்று பாருங்கள். அதன் பிறகு களுபஹனச் சந்தியில் கொழும்பு–மட்டக்களப்புப் பெருந்தெரு. அங்கிருந்து ஹல்துமுல்லை, பெரகலை வழியாக ஹப்புத்தளைக்கு முழுக்க ஏற்றம், அதுவும் லொறிகளோடு. காலில் பலம் இல்லையென்றால் பஸ்ஸின் பின்னால் கட்டுங்கள். காலையில் ரயிலில் ஏறிய உயரத்தையெல்லாம் மத்தியானத்துக்குள் இறங்கியிருப்பீர்கள், மறுபடி ஏறியே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பதுளை_வீதி · 2025 ஜனவரி 13, மு.ப. 6.55

அண்ணா, இவ்வளவு விபரம் வேறெங்கும் கிடைக்காது. உங்களிடம் இருக்கிற ஜிபிஎக்ஸ் வழிக் கோப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் போட்டுவிடுங்களேன். பீக்கோ ட்ரெயில் என்கிற மலையக நடைவழியை 300 கிலோமீட்டருக்கு மேல் குறி போட்டுத் திறந்து, நடக்கிறவர்கள் உலகம் முழுதுமிருந்து வருகிறார்கள். சைக்கிளுக்கும் அப்படி ஒன்று வந்தால் ரோட்டோரத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவனுக்கு நாலு காசு கிடைக்கும்.

கொழுந்துக்கூடை · 2025 ஜனவரி 13, பி.ப. 9.20

எல்லாவற்றையும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

என் அம்மா முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். நான் இப்போது தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், சனிக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிறேன். லயத்துக்குப் பின்னால் போகிற பாதை எங்களுக்கு முற்றம். அங்கேதான் பீலியில் (தண்ணீர்க் குழாயடியில்) குளிக்கிறோம், துணி காயப் போடுகிறோம், பிள்ளைகளுக்குத் தலை வாருகிறோம். யாரோ ஒருவர் ஒருமுறை தெரியாமல் அந்த வழியே ஓட்டி, அதைச் செயலியில் பதிந்துவிட்டார். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நாலைந்து பேர் நெஞ்சில் கேமராவோடு பீலியடியைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கோடு அப்படி இருந்தது, வந்தார்கள். குளிக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டது நாங்கள்.

எங்கள் சனம் வந்து இருநூறு வருசம் ஆனதை நினைத்து 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சனம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வழியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே பத்தடி லயக் காம்பராக்களில் (அறைகளில்) இருக்கிறார்கள். காம்பராவுக்குள் இடம் இல்லாததால்தான் வாழ்க்கை வெளியே பாதையில் நடக்கிறது. அந்தப் பாதையை யாருமில்லாத ட்ரெயில் என்று வரைபடத்தில் போடாதீர்கள்.

வண்டி ரோடுகளைத் தாராளமாகப் போடுங்கள். கடைக்காரருக்கு வருமானம் வரட்டும், அது தேவை. லயத்துக்குப் பின்பக்கம், பீலியடி, பிள்ளைக் காம்பரா (பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) வாசல், இவற்றைத் தொடும் கோடுகள் மட்டும் வேண்டாம்.

பதுளை_வீதி · 2025 ஜனவரி 13, பி.ப. 10.11

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. என் பழைய பதிவுகளில் அப்படி இரண்டு கோடு இருக்கிறது. இப்போதே மறைத்துவிடுகிறேன். வண்டி ரோட்டுக் கோப்புகளை மட்டும் தொகுக்கலாமா? போடுமுன் உங்களுக்கும் தங்கமலை அண்ணாவுக்கும் அனுப்புகிறேன்.

தங்கமலை_ஓட்டம் · 2025 ஜனவரி 14, மு.ப. 6.10

கொழுந்துக்கூடை சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மாற்ற மாட்டேன். கோப்புகளை அனுப்புங்கள், ஒன்றொன்றாகப் பார்க்கலாம்.

அனுமதி பற்றிய கேள்விக்கும் இதோடு சேர்த்தே பதில் சொல்கிறேன். ஊர்களை இணைக்கிற தோட்ட ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் ஓடுகிறது, அதில் போகக் கேட்கத் தேவையில்லை. லிப்டன் சீட்டில் சின்னதாக ஒரு நுழைவுக் கட்டணம். கிளை ரோட்டில் திரும்புவதென்றால் வாட்ச்சரிடமோ கணக்கப்பிள்ளையிடமோ "இந்த வழியாகப் போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மருந்தடிக்கிற மலை எது, லொறி எந்தப் பக்கம் வருகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் மடுவத்துப் பக்கம் ரோட்டை அடைத்து நிற்காதீர்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் சம்பளம். லொறி வந்தால் மலைப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். ஓரம் இடிந்தால் பிடிக்க ஒன்றுமில்லை.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய (கத்தரித்த) மலையைத் தாண்டும்போது கண் ரோட்டில் இருக்கட்டும். சாய்வாக வெட்டிய தேயிலைக் குச்சி ஆணிக்குச் சமம். டியூப்லெஸ்ஸாக மாற்றிவிட்டு வாருங்கள். 70 கிலோ ஆளுக்கு 40 டயரில் 32 முதல் 35 பிஎஸ்ஐ போதும்.

வத்தளை_சக்கரம் · 2025 ஜனவரி 14, பி.ப. 1.25

எல்லாருக்கும் நன்றி. கொழுந்துக்கூடை அக்கா, நெஞ்சுக் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம். மழை பற்றி யாராவது சொல்லுங்கள். அங்கே பெப்ரவரி எப்படி?

தங்கமலை_ஓட்டம் · 2025 ஜனவரி 14, பி.ப. 8.40

ஹப்புத்தளை இருக்கிற ஊவாவில் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, இடைப் பருவமும் வடகீழ்ப் பருவமும். பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே காய்ந்த காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே ஜூலைக்குப் பிறகு அடிக்கிற அந்தக் காற்றுதான். மலை விளிம்பில் சைக்கிளைத் தள்ளுமளவுக்கு அடிக்கும்.

மழை நாளில் மட்டும் வீரம் வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. நாங்கள் அடுத்த நாள் போய் நின்றோம். லயம் இருந்த இடத்தில் சேறு மட்டும் இருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வெளியிடும். கிளம்புமுன் அதைப் பாருங்கள். செம்மஞ்சள் என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

வத்தளை_சக்கரம் · 2025 பெப்ரவரி 25, பி.ப. 9.05

போய் வந்துவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன்.

முதல் நாள் காலை 5.50க்கு ஹப்புத்தளையில் கிளம்பினோம். ஸ்டோர் வரை பேச்சும் சிரிப்புமாகப் போனோம். அதற்கு மேலே இரண்டு பேரும் பேசவில்லை. சின்ன கியரிலேயே முழு ஏற்றமும் போனது. சீட்டில் 8.20. தெற்கே கீழ்நாடு முழுதும் நீலமாகத் தெரிந்தது. அரை மணியில் மேகம் வந்து மச்சானின் முகமே தெரியவில்லை. பிறகு நாயபெத்தப் பக்கம் இறங்கினோம். அண்ணா சொன்னது உண்மை. வளைவு திரும்பியதும் மேகம் பின்னால் நின்றுவிட்டது, எங்கள் பக்கம் முழு வெயில். ஒரு மடுவத்தடியில் பெண்கள் உட்கார்ந்து ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போகலாமா என்று கேட்டோம். "போங்க தம்பி, கீழ கானு ஒடஞ்சி கெடக்கு, எறங்கி தள்ளிக்கிட்டு போங்க" என்றார் ஒருவர். இரண்டு வளைவு தள்ளி, ரோட்டின் குறுக்கே ஓரடி அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. கேட்காமல் போயிருந்தால் முன்சக்கரம் அதற்குள் போயிருக்கும்.

இரண்டாம் நாள் ஓய்வு. தொடை ஒத்துழைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒஹிய. ரயிலில் சைக்கிள் போட இடம் கிடைத்தது. உடவேரிய ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாகனம்கூட வரவில்லை. விளிம்புக்கு வந்து நின்றபோது கால் கூசியது. 45 டயர் போடச் சொன்னீர்கள், ஃபிரேமில் இடமில்லாமல் 40இலேயே போனோம். பாதிக்குப் பாதி ஓட்டினோம், மீதி தள்ளினோம். ஆறாவதோ ஏழாவதோ வளைவில் துருத்திய கல் ஒன்று என் பின் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டது. விரல் நுழையுமளவுக்கு வெட்டு. சீலண்ட் எல்லாம் பீய்ச்சி வெளியேறியது. உள்ளே டியூப் போட்டால் வெட்டு வழியாகப் பிதுங்கியது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழே முதல் வீட்டுக்குப் போனோம். அங்கே ஒரு பெரியவர் வாசலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். டயரை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதே ஊசியால், அதே நூலால், வெட்டைக் குறுக்கும் நெடுக்குமாக எட்டுத் தையல் போட்டார். பழைய லொறி டியூப்பில் ஒரு துண்டு வெட்டி உள்பக்கம் வைத்துக் கொடுத்தார். அதன்மேல் டியூப்பைப் போட்டுக் காற்றடித்தோம். நின்றது. காசு கொடுத்தோம், வாங்கவே இல்லை. அவர் மனைவி கொடுத்த சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, எங்களிடமிருந்த பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்தத் தையலோடு நாலாம் நாளும் ஓடினேன். பண்டாரவளையிலிருந்து பூனாகலை, மகல்தெனிய வழியாகக் கொஸ்லந்தை. தியலும நீர்வீழ்ச்சியைக் கீழேயிருந்து பார்த்துவிட்டுப் பஸ் ஏறினோம். மீரியபெத்தைக்குத் திரும்பும் சந்தியில் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றோம்.

டயர் இன்னும் காற்றுப் பிடிக்கிறது. அந்த நூல் என்ன நூல் என்று யாருக்காவது தெரியுமா? மீன்பிடி நூலைவிடத் தடிப்பு, வெள்ளை நிறம், மெழுகு பூசின மாதிரி.

கொழுந்துக்கூடை · 2025 பெப்ரவரி 25, பி.ப. 9.48

அது சாக்குத் தைக்கிற நைலோன் நூல், தம்பி. கொழுந்துச் சாக்கு கிழிந்தால் எங்கள் வீட்டிலும் அதில்தான் தைப்போம். பண்டாரவளைச் சந்தையில் கட்டாகக் கிடைக்கும். ஊசி வளைந்ததாகப் பார்த்து வாங்குங்கள், டயருக்கு அதுதான் வாகு.

பதுளை_வீதி · 2025 பெப்ரவரி 26, மு.ப. 7.12

வண்டி ரோட்டுக் கோப்புகள் ஐந்தையும் அக்காவும் அண்ணாவும் பார்த்து முடித்துவிட்டார்கள். பூனாகலைப் பக்கம் ஒரு துண்டைத் தார் ரோட்டுக்கு மாற்றினோம், அது பிள்ளைக் காம்பரா வாசல் வழியாகப் போனது. இன்று இரவு ஏற்றுகிறேன். உடைந்த கான் இருக்கும் இடத்தையும் குறித்துவிட்டேன்.

யாழ்_காற்று · 2025 பெப்ரவரி 26, பி.ப. 6.30

11–34 மாத்தியாச்சு. ஓகஸ்டில வாறன், ஒஹியப் பக்கம் இல்லை, நாயபெத்த மட்டும். தங்கமலை அண்ணா, அந்த மாதம் காத்து எந்தப் பக்கத்தில இருந்து அடிக்கும்? ஏறேக்க முதுகுக்கு வாற மாதிரி வழியைத் திருப்பிப் போடலாமா?

தங்கமலை_ஓட்டம் · 2025 பெப்ரவரி 26, பி.ப. 8.05

ஓகஸ்டில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். நீங்கள் வழியைத் திருப்ப வேண்டாம். ஹப்புத்தளையிலிருந்து ஸ்டோர் வரை கிழக்கே போகிறீர்கள், காற்று பெரும்பாலும் முதுகில்தான். சீட்டுக்குக் கீழே கடைசி இரண்டு வளைவில் மட்டும் பக்கவாட்டில் தள்ளும், அங்கே இறங்கி நடந்துவிடுங்கள். வருகிற திகதியை எழுதுங்கள். ஞாயிறாக இருந்தால் ஸ்டோர் வாசலில் ஆறரைக்கு நிற்கிறேன்.